பானி மெக்லேனை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

சான் பிரான்சிஸ்கோவின் ஹிப்பி காலத்தைப் பற்றித் தமிழில் ஆவணத் தொடர் எடுக்கப்போவதாக அறிவித்திருக்கும், அந்த ஊரை ஒட்டிய வளைகுடாப் பகுதி (பே ஏரியா) நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பாலத்தைக் காட்டுகிறோம், அப்படியே ஹெய்ட் தெருவுக்கும் கூட்டிப்போய் "இங்கேதான் ஹிப்பிகள் இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம், அதற்கு மேல் அவர்கள் ஏதாவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கதையை நம் மொழியில் பொறுமையாகச் சொல்ல ஒரு குழு கிளம்பியிருக்கிறது என்றால் அது பெரிய விஷயம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. இருந்தாலும் உரிமையோடு எழுதுகிறேன்.

உங்கள் தொடரின் திட்டத்தில் கச்சேரிப் போஸ்டர் ஓவியர்களுக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்கியிருக்கிறீர்கள். வெஸ் வில்சன், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி, விக்டர் மஸ்கோசோ, ரிக் கிரிஃபின் என்று ஐந்து பெயர்கள் இருக்கின்றன. சரி, அந்த ஐவர் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. ஆனால் ஃபில்மோர் அரங்கில் ராக் கச்சேரிகள் நடத்திய பில் கிரஹாமைப் பற்றிய வேறொரு பகுதியில், அதுவும் கடைசியில், "அவர் மனைவி பானியும் சில போஸ்டர்கள் வரைந்தார்" என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

பானி மெக்லேன் வரைந்தது "சில போஸ்டர்கள்" இல்லை. ஏறக்குறைய 30 போஸ்டர்கள், அவற்றில் பெரும்பாலானவை 1967 என்ற அந்த ஒரே வருஷத்தில், ஹிப்பிகளின் பேட்டையான ஹெய்ட் ஆஷ்பரி உலகத்தின் கண்ணில் பட்ட அந்த வருஷத்தில் வரைந்தவை. அந்தக் கோடையில் ஃபில்மோர் அரங்குக்குப் போன ஒருவர் கையில் என்ன காகிதம் இருந்திருக்கும் என்று நீங்கள் தேடினால் அது பெரும்பாலும் இவர் வரைந்ததாகத்தான் இருக்கும்.

வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிசையிலேயே பாதிக் கதை இருக்கிறது. 1939 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது பிரெஞ்சு, ஓவியம் இல்லை. படிப்பு முடிந்து நியூயார்க்கில் பிராட் கலைக் கல்லூரியில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலங்களில் வரையப் பழகினார். 1963இல் சான் பிரான்சிஸ்கோ வந்தார். அங்கே இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை, மேலதிகாரியாக இருந்தவர் பில் கிரஹாம். ஆமாம், பிற்பாடு ராக் இசை உலகத்தையே ஆட்டிவைத்த அதே கிரஹாம்தான், அப்போது டை கட்டிக்கொண்டு அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். கிரஹாம் அந்த வேலையை விட்டு ஒரு தெருநாடகக் குழுவுக்கு மேலாளராகி, 1965 நவம்பரில் அந்தக் குழுவின் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட ஒரு இசை நிகழ்ச்சி நடத்தி, டிசம்பரில் ஃபில்மோர் அரங்குக்கு வந்து சேர்ந்தார். அந்த அரங்கை ஓட்டுகிற வேலையில் பானியும் சேர்ந்துகொண்டார்.

அங்கே அவர் வரைய ஆரம்பித்தது போஸ்டர் இல்லை, கரும்பலகை. அடுத்து என்னென்ன நிகழ்ச்சி என்று அரங்குக்கு வருகிறவர்களுக்குத் தெரிவிக்க உள்ளே பலகைகள் வைத்திருந்தார்கள். அதில் வெஸ் வில்சனின் போஸ்டர் எழுத்து மாதிரியே நெளிந்து வளைந்த எழுத்தில் இவர் எழுதுவார். நிகழ்ச்சி மாறினால் பழையது போய்ப் புதியது வரும். நம் வீட்டு வாசலில் மார்கழிக் கோலம் என்ன ஆகும், மத்தியானத்துக்குள் சைக்கிள் ஏறி, காற்றடித்து, காணாமல் போகும், மறுநாள் வேறு கோலம். போட்ட கைக்கு மட்டும் பழக்கம் மிச்சம். பானியின் கை பழகியது அப்படித்தான்.

1967 மே மாதம் பண விவகாரத்தில் வில்சனுக்கும் கிரஹாமுக்கும் ஒத்துப்போகாமல் வில்சன் விலகிவிட்டார். நிகழ்ச்சி நிற்காது, போஸ்டரும் நிற்க முடியாது. பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அந்த இடத்துக்கு வந்தார், அப்போது அவருக்கு வயது 27. ஜூன் 11ஆம் தேதி கிரஹாமோடு கல்யாணம். அந்தக் கோடையில் ஃபில்மோரில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை வாரத்துக்கு ஆறு இரவு நிகழ்ச்சி, அதாவது வாரத்துக்கு ஒரு புது போஸ்டர். யோசித்துப் பாருங்கள், வரைய வேண்டும், வண்ணங்களைப் பிரித்து அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், அச்சாகி வந்து கடைகளிலும் கம்பங்களிலும் ஒட்டப்பட வேண்டும், அதற்குள் அடுத்த வாரம் வந்து நிற்கும். புதுசாகக் கல்யாணமான பெண், பாதி ராத்திரி வரை கச்சேரி நடக்கிற அரங்கு, மறுநாள் பகலில் வரைபலகை. மறுவருஷம் 1968இல் மகன் பிறந்தான். அதற்குப் பிறகு லீ காங்க்லின் போன்ற புதியவர்கள் வந்தார்கள், இவர் வரைவது குறைந்தது.

என்னிடம் ஒரு அஞ்சலட்டை இருக்கிறது. அந்தப் போஸ்டர்களை அப்போது சின்ன அளவில் அஞ்சலட்டையாகவும் அடிப்பார்கள், பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் இசைத்தட்டுப் பெட்டிக்கு அடியில் கிடந்தது, ஒரு மூலை மடங்கி வெள்ளை நார் தெரிகிறது. ஃபில்மோர் வரிசையில் 75ஆம் எண். 1967 ஜூலை 25 முதல் 30 வரை, யார்ட்பேர்ட்ஸ், டோர்ஸ், ஜேம்ஸ் காட்டன் ப்ளூஸ் பேண்ட், ரிச்சி ஹேவன்ஸ். இத்தனையும் அதில் எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரியவே முதல் நாள் நேரம் பிடித்தது. எழுத்து எழுத்தாக நிற்காது, தனக்குக் கொடுத்த இடத்தை மாவு பொங்குகிற மாதிரி பொங்கி நிரப்பிவிடும், இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளியும் ஒரு எழுத்து போலவே கண்ணை இழுக்கும். இந்த முறையை வில்சன் எங்கிருந்து பிடித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வியன்னாவில் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆல்ஃபிரட் ரோலர் வரைந்த எழுத்திலிருந்து. பானி அதை வில்சனிடமிருந்து எடுத்துக்கொண்டார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வில்சனின் படங்களில் எல்லாம் தீ மாதிரி அலைந்துகொண்டிருக்கும், பானியிடம் அது அடங்கி நிற்கும். பழைய தேவாலயத்து ஜன்னல் வளைவு மாதிரி சட்டங்கள் வரும், அதற்குள் முகங்கள் வரும். அந்த முகங்கள் சிரிக்காது. இமை கனத்து, எதையோ யோசித்தபடி, நம்மைப் பார்க்கிறதா தாண்டிப் பார்க்கிறதா என்று தெரியாத பார்வை. பூவும் சிரிப்புமாகத்தான் அந்தக் கோடையை நமக்குக் காட்டுகிறார்கள், ஆனால் அதன் நடுவில் உட்கார்ந்து வாரா வாரம் வரைந்த பெண் வரைந்த முகங்கள் இப்படி இருக்கின்றன. இதைக் காமிராவில் நெருங்கிக் காட்டுங்கள், ஒரு முகத்துக்கு அரை நிமிஷமாவது கொடுங்கள். பின்னணிப் பாட்டு கூட வேண்டாம்.

ஐவர் என்ற கணக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து பேரும் 1967இல் பெர்க்லி போனபார்ட் என்ற பெயரில் தங்கள் போஸ்டர்களை விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அந்த செப்டம்பரில் லைஃப் பத்திரிகை போஸ்டர் மோகத்தை அட்டைப்படச் செய்தியாகப் போட்டது. மஸ்கோசோ தன் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள நியான் ரோஸ் என்று தனி வரிசையே வெளியிட்டார். அதாவது அவர்கள் தங்களைத் தாங்களே ஒரு கூட்டமாக ஆக்கிக்கொண்டார்கள், அது புத்திசாலித்தனம், அவர்களைக் குறை சொல்லவில்லை. பானிக்கு அப்படி ஒரு கூட்டம் கிடையாது. அவர் வரைந்தது கணவரின் அரங்குக்கு, கணவரின் வரிசை எண்ணில். வீட்டு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் ஓவியத்துக்கும் நடுவில் கோடு இல்லாத ஒரு வாழ்க்கையில் செய்த வேலையைப் பிற்பாடு வருகிறவர்கள் எளிதாக "உதவி" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைத் திரும்பச் செய்யாதீர்கள். அவர் எந்தப் போஸ்டரில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முதலிலிருந்து கடைசி வரை வைத்து ஒருமுறை பாருங்கள், அதைப் பற்றியே ஐந்து நிமிஷம் பேசலாம்.

இன்னொன்று. அவரை ஹிப்பியாக வேஷம் போட்டுக் காட்டவும் வேண்டாம். தலையில் பூ, வெறுங்கால், புகை, மங்கலான காமிரா, இதெல்லாம் இந்தக் காலத்தைப் பற்றிய படங்களில் ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. கிரஹாம் ஹிப்பி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், கணக்கு நோட்டும் கையுமாக அரங்கில் ஓடிக்கொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வேலை செய்து சம்பாதித்தவர்கள், நேரத்துக்கு வந்தவர்கள், அச்சுப் பிழை திருத்தியவர்கள் இருந்தார்கள். பார்க்கில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இலவசமாகச் சாப்பாடு போட்ட டிக்கர்ஸ் குழுவுக்கு அந்தச் சாப்பாட்டை யாரோ சமைத்திருக்க வேண்டும் அல்லவா. கம்யூனிகேஷன் கம்பெனி என்ற இரண்டு மூன்று பேர் கெஸ்டெட்னர் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போமே அதேதான், நாளைக்கு ஒன்றாகத் துண்டுப் பிரசுரம் அடித்துத் தள்ளினார்கள், அந்த மை யார் கையில் ஒட்டியது? 1967 ஜூன் 7ஆம் தேதி கிளேட்டன் தெருவில் டேவிட் ஸ்மித் இலவச மருத்துவமனை திறந்தார், அங்கே கட்டுப் போட்டவர்கள் யார்? ஒரு லட்சம் பிள்ளைகள் அந்தக் கோடையில் வந்து இறங்கினார்கள் என்கிறார்கள், வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அக்டோபர் 6ஆம் தேதி அந்தத் தெருக்காரர்களே ஹிப்பிக்குச் சவ ஊர்வலம் நடத்தி முடித்துவைத்தார்கள், அதுவும் எல்லாப் படத்திலும் வரும். நடுவில் வேலை செய்தவர்களை எடுங்கள். பானியின் வாழ்க்கை வழியாகப் போனால் அந்தக் கதவு தானாகத் திறக்கும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எனக்கே நடந்த ஒன்று.

நாங்கள் முன்பு குடியிருந்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அம்மா இருந்தார். 1966இல் இந்த ஊருக்கு வந்தவர். ஃபில்மோருக்கும் அவலான் அரங்குக்கும் போய் ஆடியவர். ஒருநாள் அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்தேன், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இப்போது அதைக் கேட்டால் எனக்கு அவ்வளவு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கேட்ட கேள்வியெல்லாம் எந்த பேண்டைப் பார்த்தீர்கள், பாடகி ஜானிஸ் ஜாப்ளினை நேரில் பார்த்தீர்களா, எல்எஸ்டி போதை எப்படி இருந்தது, இதுதான். அவரும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடுவில் மூன்று தடவை வேறு எங்கேயோ போகப் பார்க்கிறார். ஒருதடவை ஒரு வீட்டில் பதினொரு பேர் இருந்தபோது வாடகை யார் கொடுத்தது என்று ஆரம்பிக்கிறார், நான் உடனே "அப்புறம் அந்தக் கச்சேரி" என்று திருப்பிவிடுகிறேன். ஒருதடவை தையல் மெஷின் பற்றி. ஒருதடவை ஃபில்மோர் உள்ளே கலர் சாக்கட்டியில் எழுதிய பலகை இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவோம், யார் எழுதினார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை என்கிறார். நான் அதற்கு "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த பேண்டைக் கேட்கிறேன். அந்த "ஓ" பதிவில் நன்றாகக் கேட்கிறது. பலகையில் எழுதிய கை யாருடையது என்று எனக்குத் தெரியவந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. அதற்குள் அந்த அம்மா மகள் ஊருக்குப் போய்விட்டார், போனில் பேசினால் என்னை அடையாளம் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன், நீங்கள் பேட்டி எடுக்கப் போகும்போது பிரபலங்களைப் பற்றிய கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், எந்தக் கடையில் மை வாங்கினீர்கள், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், போஸ்டருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அதைக் கையில் கொடுத்தார்களா செக்காகவா, இதைக் கேளுங்கள். அவர்கள் வேறு பக்கம் போனால் போகவிடுங்கள். காமிராவில் பேட்டரி இருக்கிறவரை விடுங்கள்.

நேரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 24இல் வெஸ் வில்சன் போனார். பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 4ஆம் தேதி, பென்சில்வேனியாவில் பானி மெக்லேன் போனார், 80 வயது. முதலில் பலகையில் வில்சனின் எழுத்தைப் பின்பற்றி எழுதி, பிறகு வில்சனின் இடத்தில் உட்கார்ந்து வரைந்தவர், அவர் போன பதினோராவது நாள் தானும் போய்விட்டார். கிரிஃபின் 1991லேயே மோட்டார் சைக்கிள் விபத்தில், கிரஹாம் அதே வருஷம் அக்டோபரில் ஹெலிகாப்டர் விபத்தில், கெல்லி 2008இல். ஆகவே பானியின் வாயால் இனி எதுவும் கேட்க முடியாது. ஆனால் அந்த வாரங்களில் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள், போஸ்டர் ஒட்டப் போன பையன்கள், அரங்கு வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள், இவர்களில் சிலர் எண்பதை நெருங்கியோ தாண்டியோ எங்காவது இருப்பார்கள். கிரஹாமைப் பிரிந்த பிறகு பானி கிழக்கே திரும்பிப் போய், மறுபடி மணம் செய்து, பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுண்டியில் இருந்துகொண்டு வரைந்துகொண்டேதான் இருந்தார். அது நாற்பது வருஷத்துக்கும் மேல். ஒரு ஓவியரின் வாழ்க்கையை ஆவணப்படுத்துகிறோம் என்றால் அந்த நாற்பது வருஷத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கோடையை மட்டும் எடுத்தால் எப்படி? ஒரு தடவை அங்கே போய் வாருங்கள். குடும்பத்தாரிடம் முறையாகக் கேட்டு, அவர்கள் எது வேண்டாம் என்கிறார்களோ அதை விட்டுவிட்டு எடுங்கள்.

காகிதமும் நிலைக்காது. 1985இல் ஜெர்மனியில் நாஜிப் படையினரும் புதைக்கப்பட்டிருந்த பிட்பர்க் கல்லறைக்கு அமெரிக்க அதிபர் ரீகன் போவதை எதிர்த்து கிரஹாம் குரல் கொடுத்தபோது அவர் அலுவலகத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். கிரஹாம் பெர்லினில் பிறந்த யூதர், அம்மாவை நாஜிகளிடம் இழந்தவர், அவர் எதிர்க்காமல் யார் எதிர்ப்பார்கள். அந்தத் தீயில் அத்தனை வருஷம் சேர்த்து வைத்த பழைய பொருட்கள் ஏராளமாகப் போயின. மிச்சம் இருப்பதில் கொஞ்சம் டி யங் அருங்காட்சியகத்துப் பக்கம் இருக்கிறது, 2017இல் ஐம்பதாம் ஆண்டுக்குப் பெரிய கண்காட்சியே வைத்தார்கள். நகர நூலகத்தின் ஆறாவது மாடியில் வரலாற்றுப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள். ஃபில்மோர் அரங்கின் மாடியில் சுவர் முழுக்கப் போஸ்டர்கள் இருக்கிற அறையும் இருக்கிறது, கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம், வாசலில் இன்றைக்கும் ஆப்பிள் தொட்டி வைத்திருப்பார்கள், ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே பாருங்கள்.

ஃபில்மோர் தெருவைக் காட்டும்போது அது யாருடைய தெரு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பானியின் கதைக்கு அது வெளியே இல்லை. 1942 வரை ஜப்பானியக் குடும்பங்கள் இருந்த பேட்டை, அவர்களைப் போர்க்காலத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிய பிறகு கறுப்பின மக்கள் வந்து கடையும் கிளப்பும் இசையுமாக வளர்த்த பேட்டை. அந்த அரங்கு சார்லஸ் சல்லிவன் என்ற கறுப்பின நிகழ்ச்சி அமைப்பாளரின் கையில் இருந்தது, அவர் தன் உரிமத்தின் பேரில் நடத்திக்கொள்ள விட்டதால்தான் கிரஹாமுக்கு அங்கே கால் வைக்கவே முடிந்தது. 1966 ஆகஸ்டில் சல்லிவன் குண்டடி பட்டு இறந்து கிடந்தார். நகரச் சீரமைப்பு என்ற பேரில் அந்தப் பேட்டையில் நிறைய இடித்தார்கள். ஹெய்ட் தெருவில் பூ விற்ற காலமும் இதுவும் ஒரே காலம். இதை அரை நிமிஷத்தில் ஓட்டிவிடாமல் இருந்தால் நல்லது.

அப்புறம், உதவி. நான் சினிமாக்காரன் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் இரண்டு மணி நேரப் பதிவு என்னிடம் இருக்கிறது, அவர் மகளிடம் கேட்டுவிட்டேன், பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். வாடகையைப் பற்றி ஆரம்பித்த இடம் 41ஆவது நிமிஷம், தையல் மெஷின் 68, பலகை 93. அஞ்சலட்டையையும் கொண்டுவருகிறேன், மூலையை மட்டும் பார்த்துப் பிடியுங்கள். சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை.

அன்புடன்,
உங்கள் தொடருக்காகக் காத்திருக்கும் ஒருவன்